இரண்டாவது பிரேக்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலையில் அது இல்லாமல் முடியாது. கிளட்சை விடுகிறேன் பேர்வழி என்று வண்டியைத் தவளை மாதிரி குதிக்க வைக்கிறவர்களிடம் கண்ணே மணியே என்று கொஞ்சிக்கொண்டிருந்தால், இரண்டு பேருமாகப் போய் விளக்குக் கம்பத்தில்தான் நிற்போம். அதனால் நான் கத்துவேன். என் தம்பி இதற்கு நேர் எதிர். அவன் வாயில் ஒரு சுடுசொல் வராது. பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் அவனிடம் அனுப்பிவிடுவேன். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் இரண்டே கார், இரண்டே வாத்தியார். கத்தல் கார், கெஞ்சல் கார் என்று மாணவர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கள் காரில் உட்கார்ந்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவர் காலடியில் இருக்கிற பிரேக் போக, பக்கத்து சீட்டில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். மாணவர் தப்பு செய்தால் நாங்கள் அதை மிதிப்போம். அதை அவசரத்துக்கு மட்டும்தான் தொடவேண்டும். இல்லாவிட்டால் கற்றுக்கொள்கிறவர் காலுக்குப் புத்தியே வராது.

இந்த வருடம் தம்பியிடம் படித்தவர்கள் வரிசையாக டெஸ்டில் தோற்க ஆரம்பித்தார்கள். ஒருவர் இருவர் என்றால் சரி, யானைக்கும் அடி சறுக்கும். இங்கே யானை தினமும் சறுக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு தையல்காரம்மா மூன்றாவது தடவையும் தோற்றுவிட்டு வந்து ஆபீஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னம்மா தப்பு பண்ணீங்க?" என்றேன்.

"பிரேக் போடலையாம். நேரா போய் நிறுத்தி வெச்சிருந்த கோனை எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டேன்."

"ஏன் போடல?"

"நான் எங்க மேடம் பிரேக் போட்டேன் இதுவரைக்கும்? நான் நினைக்கறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடும். அது இந்த வண்டியோட குணம்னுல்ல நினைச்சேன்!"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் தம்பி காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டியவர் அதே தையல்காரம்மாதான். பாவம், ஒழுங்காகத்தான் ஓட்டினார். தம்பியின் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. காற்றில் பறந்த பிளாஸ்டிக் பைக்கு பிரேக். நடைபாதையில் படுத்துத் தூங்கிய நாய்க்கு பிரேக். ஒரு வீட்டு கேட் லேசாகத் திறந்ததற்கு பிரேக். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அந்த அம்மா இறங்கிப் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, நீ வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறியா, நிறுத்தக் கத்துக் குடுக்கறியா? ஸ்கூலை இழுத்து மூடலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அந்தக் குழந்தை வருதுக்கா."

"எந்தக் குழந்தை?"

கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை அவன் காருக்குக் குறுக்கே ஓடி வந்திருக்கிறது. ஓட்டிய மாணவர் உறைந்துபோய்விட்டார். தம்பிதான் மிதித்து நிறுத்தினான். குழந்தைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்ததாம். அது பந்தை எடுத்துக்கொண்டு சிரித்தபடி ஓடிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் அதை ஒரு வீரக்கதையாகவே சொல்லித் திரிந்தோம். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் அதிகமாகச் சொன்னவள் நான்தான்.

"அதான் ஒண்ணும் ஆகலையேடா!" என்றேன்.

"ஆகல. ஆனா தினம் தினம் என் கண்ணு முன்னாடி ஆயிடுதுக்கா. தூங்கினாலும் ஆகுது."

சரி, பையன் களைத்துப்போயிருக்கிறான் என்று நினைத்தேன். அவனுடைய மாணவர்களை எல்லாம் எனக்கு மாற்றிக்கொண்டேன். "கொஞ்ச நாள் வீட்ல இரு. நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு. தன்னால சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு வேறு எனக்கு. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்ததில் மூச்சுவிட நேரமில்லை. அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஒருநாள் மதியம் தம்பி பெண்டாட்டி ஆபீசுக்கு வந்தாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிற வேலை செய்கிறாள், அளந்துதான் பேசுவாள். எங்களுக்குள் நாத்தனார் உறவு அப்படி ஒன்றும் தேனும் பாலுமாக ஓடியதில்லை. கல்யாணமான புதிதில் நான் அவளிடம் ஒரு தடவை கத்தினேன், அவள் ஒரு வருடம் எனக்கு 'ம்', 'இல்ல' என்று மட்டும் பதில் சொன்னாள். அப்படிப்பட்டவள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழ ஆரம்பித்தாள்.

"அண்ணி, அவர் ஜன்னல் கிட்டகூட வரதில்ல. திரையை இழுத்துவிட்டுட்டு உக்காந்திருக்காரு. வேலைக்குப் போனப்பவாவது நாலு பேர் முகத்தைப் பாத்தாரு. இப்ப அதுவும் இல்ல. நேத்து பல்லு தேய்ச்சுக்கிட்டே சொல்றாரு, 'நான் இல்லாம இருந்தா உங்களுக்கெல்லாம் லேசா இருக்கும்'னு. ஏதோ தண்ணி வரலன்னு சொல்ற மாதிரி சொல்றாரு அண்ணி!"

ஓய்வெடுக்கிறான், ஓய்வெடுக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவன் அந்த இருட்டு அறையில் தனியாகக் கிடந்திருக்கிறான்.

"டாக்டர்கிட்ட போகலையா?"

"ரெண்டு தடவை நேரம் வாங்கினேன். முத தடவை டாக்ஸியில கூட்டிட்டுப் போனேன், முதல் சிக்னல்லயே கதவைத் திறந்து இறங்கிட்டாரு. அடுத்த தடவை பஸ். ஒரு ஸ்டாப் தாண்டல. அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டா, 'எப்படியாவது ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்'ங்கறாங்க. அந்த ஒரு தடவைதான் முடியல. இன்னிக்கு மூணாவது தடவை. இதையும் விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல அண்ணி."

"நான் கூட்டிட்டுப் போறேன். வராம எங்க போயிடுவான்? எந்திரி" என்றேன். முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் கழுவச் சொன்னேன்.

அவன் வர மாட்டேன் என்று முரண்டு பிடிப்பான், நாலு திட்டு திட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான் என்ற நினைப்போடுதான் போனேன். போய்ப் பார்த்தால் அவன் இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலைவாரி, ஷூ கயிறெல்லாம் கட்டிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"போலாமாக்கா" என்றான்.

என் சொந்தக் காரில் முன் சீட்டில் ஏறினான். பெல்ட் போட்டான். தெரு முனை வருவதற்குள் அவன் கால் தரை விரிப்பைப் போட்டுப் போட்டு மிதிக்க ஆரம்பித்தது. முகம் வெளுத்தது. நான் வேகத்தைக் குறைக்கவும் அவன் கதவைத் திறந்து இறங்கவும் சரியாக இருந்தது. யாரோ ஒருவர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஓட்டப்பந்தயத்தில் ஓடியவன் மாதிரி மூச்சு வாங்கினான்.

"குழந்தையாடா நீ? நான் ஓட்டறேன், நான்! என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்று நடுத்தெருவில் கத்தினேன். பின் சீட்டிலிருந்து இறங்கி வந்த தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"உன்னை நம்பறேன்க்கா" என்றான் அவன். "நான் வரணும்னுதான் நினைக்கறேன். ஆனா வண்டி போகுது, நான் சும்மா உக்காந்திருக்கேன், காலுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அந்தக் குழந்தை வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

என் மரமண்டையில் அப்போதுதான் ஏறியது. டாக்ஸியில் இல்லை. பஸ்ஸில் இல்லை. என் காரில் இல்லை. இந்த ஊரில் அவன் காலுக்குக் கீழே பிரேக் இருக்கிற பக்கத்து சீட்டு இரண்டே இரண்டு காரில்தான் இருந்தது, இரண்டும் எங்களுடையது. என் காரை அங்கேயே விட்டுவிட்டு, ஒன்றை எடுத்துவர இரண்டு தெரு தள்ளியிருந்த ஆபீசுக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து ஆபீசின் எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

கெஞ்சல் காரைக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்தினேன். "நான் ஓட்டறேன். நீ வாத்தியார் சீட்ல உக்காரு. நான் உன் ஸ்டூடன்ட். எங்க வேணாலும் பிரேக் போட்டுக்கோ."

"போட்டா நீ கத்துவ."

"கத்த மாட்டேன்."

"நீயா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றேன். அவன் ஏறினான். கால் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. அவன் தோள் லேசாகத் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

சாதாரணமாகப் போனால் அது ஒரு சின்னத் தூரம். நாங்கள் கிளம்பினோம். தெரு திரும்பும்போது ஒரு கடையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் எங்கேயோ இருந்தாள், நாங்கள் எங்கேயோ இருந்தோம். டமாலென்று வண்டி நின்றது. பெல்ட் என் தோளை அறுத்தது. என் வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சாரிக்கா."

"போடு போடு. அதுக்குத்தானே வெச்சிருக்கு."

அதன்பிறகு அவன் போட்டுக்கொண்டே வந்தான். சைக்கிளுக்குப் போட்டான், நிழலுக்குப் போட்டான், ஒன்றுமே இல்லாததற்கும் போட்டான். ஒவ்வொரு தடவையும் நான் மறுபடி கிளப்பினேன். பின் சீட்டில் தம்பி பெண்டாட்டி திரும்பி உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, பஸ் வருது, கொஞ்சம் ஓரமா", "அண்ணி, பைக்" என்று எனக்குப் பின்னால் கண்ணாக இருந்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டி வருகிற வண்டிகளை எல்லாம் ஒதுங்கிப் போகச் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு லாரிக்காரர் எங்களைத் தாண்டும்போது தலையை நீட்டி, "கத்துக்கிட்டு அப்புறமா ரோட்டுக்கு வாம்மா!" என்று கத்திவிட்டுப் போனார். என்னைப் பார்த்து! இந்த ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதி என்னிடம் படித்த கால்களால்தான் ஓடுகிறது. வேறு நாளாக இருந்தால் அந்த லாரியைத் துரத்திப் பிடித்து அவருடைய லைசென்சைக் கேட்டிருப்பேன். அன்றைக்கு, "சரிங்க" என்றேன்.

அதோடு போயிற்றா? சிக்னலில் பக்கத்தில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஓட்டியவர் என் பழைய மாணவர். நான் திட்டித் திட்டி அழ வைத்தவர். எங்கள் கார் தலையிலிருந்த எல் போர்டைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்களா?"

"ஆமா. புதுசா கத்துக்கறேன்" என்றேன். பின்னால் தம்பி பெண்டாட்டி களுக்கென்று சிரித்துவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை, ஆனால் உதடு ஒரு பக்கம் கோணியது.

பாதி வழிக்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. விடுகிற நேரம் இல்லைதான்; ஆனாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. அவன் பிரேக்கை மிதித்தான், மிதித்த காலை எடுக்கவே இல்லை. வண்டி அசையவில்லை. தட்டுத்தடுமாறி ஓரமாக, ஒரு டயர் கடை வாசலில் நிறுத்தினேன். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"முடியலக்கா. திரும்பிடலாம்."

நான் சுவிட்சை அணைத்தேன். கடைக்குள் யாரோ சுத்தியலால் டயரை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் அவன் மனதில் இல்லாததை நானே உள்ளே போட்டுவிடுவேனோ என்ற பயம். கேட்காவிட்டால் அவன் அதைத் தனியாகவே வைத்துக்கொண்டிருப்பானே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு எந்தக் காலத்திலும் வராது.

"டேய், உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா உனக்கு?"

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"சில நேரம் தோணுது" என்றான். "ஏதாவது பண்ணணும்னு இல்ல. காலைல கண்ணு முழிக்காம இருந்துட்டா போதும்னு. எல்லா நேரமும் இல்லக்கா. ஆனா தோணுது."

என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அடக்கவும் முயலவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்ததற்குப் பிறகு அந்தக் கையை நான் பிடித்ததே இல்லை. பின்னாலிருந்து அவன் பெண்டாட்டியின் கை வந்து அவன் தோளில் உட்கார்ந்தது.

"சொன்னியே, அது போதும்டா. இதே வார்த்தையை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு. நாங்க ரெண்டு பேரும் வெளிய உக்காந்திருப்போம், எங்கயும் போக மாட்டோம்."

"நீ திட்டலையே?"

"அதெல்லாம் சேத்து வெச்சு அப்புறம் திட்டறேன். இப்ப வண்டியை எடுக்கட்டுமா?"

அவன் பிரேக்கைப் பார்த்தான். மெல்லக் காலைத் தூக்கினான். "மெதுவா போ" என்றான். அது அவன் பழைய வாத்தியார் குரல். நான் மெதுவாகப் போனேன்.

கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குக் கொடுத்திருந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. சண்டைக்குத் தயாராகத்தான் உள்ளே போனேன். நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் அந்த வரவேற்புப் பெண் சொல்லட்டும், அன்றைக்கு முழுக்க அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அவள் தலையில் கொட்டிவிடுவது என்று மூச்சை இழுத்து வைத்திருந்தேன். அவள் தம்பியின் பெயரைக் கேட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"வந்துட்டீங்களா! டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. தண்ணி குடிக்கறீங்களா சார்?"

இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் இருமினேன். தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையாட்டினோம்.

கதவு மூடியிருந்த நேரம் முழுக்க நானும் தம்பி பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். யார் முதலில் யார் கையைப் பிடித்தது என்று தெரியவில்லை. "நீ எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "நீங்க கத்துவீங்கன்னு பயந்தேன் அண்ணி" என்றாள். நியாயம்தான். "இனிமே கத்தினாலும் சொல்லு" என்றேன். அவள் பழையபடி "ம்" என்றாள்.

கதவு திறந்தது. அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது.

"இதுக்குப் பேரு இருக்காம்க்கா" என்றான். "நிறையப் பேருக்கு வருமாம். ஒண்ணும் நடக்காமலே போனாலும் வருமாம். சரி பண்ண வழியும் இருக்காம். கொஞ்ச நாள் மாத்திரை, வாரா வாரம் வந்து பேசணும்." பெண்டாட்டியைப் பார்த்தான். "அதையும் சொல்லிட்டேன்."

பின்னாலேயே வந்த டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்கதானே இன்னிக்கு வண்டி ஓட்டினது? நேரம் ஆகும், ஆனா நல்லா வந்துடுவாரு. அந்த நினைப்பு பலமா வந்தா எந்த நேரமா இருந்தாலும் எங்களுக்குப் போன் பண்ணுங்க. தனியா விடாதீங்க" என்றார். பிறகு சிரித்தார். "அக்கா எப்படி ஓட்டினாங்கன்னு கேட்டேன். சுமாருன்னு சொன்னாரு."

சுமாரா! இவனுக்காகப் போகிற வருகிறவனிடம் எல்லாம் பேச்சு வாங்கி, தோள்பட்டை கன்றிப்போய் வந்தால், சுமாராம். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த வராந்தாவிலேயே அவனை ஒரு அறை விடலாம் போலிருந்தது.

காருக்கு வந்தோம். வாத்தியார் சீட்டின் கதவை நான் திறந்து விட்டேன். அவன் ஒரு நிமிடம் அதைப் பார்த்தபடி நின்றான். "ரொம்ப அசதியா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து பெண்டாட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் முன் கதவைச் சாத்தினேன். அவ்வளவு மெதுவாகக் கிளட்சை நான் என் வாழ்நாளில் விட்டதில்லை.

டயர் கடையைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவன் தலை பெண்டாட்டியின் தோளில் சாய்ந்திருந்தது. சிக்னலில் பார்த்தேன். கண் மூடியிருந்தது. அவன் வீட்டுத் தெரு வந்தது. திரை மூடிய ஜன்னல் வந்தது. நான் வேகத்தைக் குறைக்காமல் நேராகப் போனேன்.

"அண்ணி, வீடு தாண்டிட்டீங்க" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"தெரியும். பேசாம வா."

அந்தத் தெருவைச் சுற்றினேன், அடுத்த தெருவைச் சுற்றினேன். பெரிய ரோட்டுக்கு வந்து, ஊர் எல்லை வரை போய்த் திரும்பினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கைப் பூப்போலத் தொட்டேன். பின்னால் வந்த ஒருவன் பொறுமையில்லாமல் நீளமாக ஹாரன் அடித்தான். எழுப்பிவிடப் போகிறானே பாவி என்று பதறிக் கண்ணாடியைப் பார்த்தேன். தம்பி வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.